1810 கவுன்: கையைத் தூக்கினால் இடுப்பு மேலே ஏறிவிடுகிறது, என்ன செய்வது?

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மூன்று வாரத்தில் ஒரு ரீஜென்ஸி (1800களின் தொடக்கத்து இங்கிலாந்துப் பாணி) நடன மாலைக்குப் போகிறேன். 1810ஐ ஒட்டிய உடையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வாடகை உடை போட எனக்கு மனமில்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே பழைய ஓவியங்களில் அந்த வெள்ளை மஸ்லின் கவுனைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் நான். என்றைக்காவது என் கையால் தைத்து நானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். இப்போதுதான் துணிந்து ஆறு மீட்டர் மஸ்லின் வாங்கினேன். ஆறு வாரமாக இரவு சாப்பாடு முடிந்ததும் தையல்தான்.

மேல்பகுதி, கை, பாவாடை மூன்றையும் இணைத்துவிட்டேன். கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றால் நான் நினைத்த மாதிரியே இருக்கிறது. கையைத் தூக்கினால்தான் சிக்கல். மார்புக்குக் கீழே இருக்க வேண்டிய இடுப்புக்கோடு இரண்டு அங்குலம் மேலே ஏறி மார்பின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையை இறக்கினாலும் தானாக இறங்குவதில்லை. பிடித்து இழுத்துவிட வேண்டியிருக்கிறது. நடனத்தில் ஜோடியாகக் கைகோர்த்து உயர்த்தும் இடங்கள் வரும். ஒவ்வொரு முறையும் எல்லோர் முன்னாலும் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்க முடியுமா?

கை இறுக்கமாக இருப்பதால்தான் என்று நினைத்துக் கைக்குழியை முக்கால் அங்குலம் இறக்கி வெட்டினேன். இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டாவது முறை தூக்கியபோது முதுகுப் பக்கம் கை இணைப்பில் 'சர்' என்று ஒரு சத்தம். விரல் நுழையும் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. அன்றைக்கு அதை மடித்து வைத்தவள் நான்கு நாளாகத் தொடவில்லை.

இன்னும் சில தகவல்கள். உள்ளே போடுவது வழக்கமான பிராதான். பின்பக்கம் தரையில் புரளும்படி ஒன்றரை அடி வால் வைத்திருக்கிறேன். நீளத் தையல்கள் எல்லாம் மிஷினில் போட்டது. வேறொரு குழுவில் படம் போட்டபோது, மிஷின் தையல் என்றால் அது வரலாற்று உடையே இல்லை, நாடக வேஷம் என்று ஒருவர் எழுதினார். அது மனதை ரொம்பவே வருத்திவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துக் கையால் தைக்க வேண்டுமா? மூன்று வாரத்தில் எது முடியும், எதை விட்டுவிடலாம்?

மெழுகுநூல் எழுதியது:

நூல்கண்டு, முதலில் அந்தக் கவுனை மடிப்பிலிருந்து எடுத்து ஹேங்கரில் மாட்டுங்கள். அது கெட்டுப்போகவில்லை. நீங்கள் சொல்லும் இடுப்பு ஏறும் தொல்லை, 1810 காலத்து உடையைத் தைக்கும் எல்லோரும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும் இடம். என் முதல் கவுனில் முதல் நடனத்திலேயே இரண்டு பக்கமும் கை பிரிந்து, மாலை முழுவதும் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கக் கைக்குழி ஒன்றை மட்டுமே ஆராய்ந்தேன். அதனால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கைக்குழியை இறக்கி வெட்டியதுதான் தவறு. எல்லோரும் அப்படித்தான் செய்வோம், இறுக்கமாக இருந்தால் வெட்டத்தானே தோன்றும். ஆனால் இது நேர்மாறாக வேலை செய்கிறது. இப்போது நீங்கள் போட்டிருக்கும் சட்டையிலேயே பார்க்கலாம். அக்குளிலிருந்து நான்கு விரல் கீழே, விலாப் பக்கத்துத் துணியை எடுத்துக் கையின் உள்பக்கத் துணியோடு சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். அப்படியே அந்தக் கையைத் தூக்குங்கள். விலாத் துணி கையோடு சேர்ந்து மேலே போகும், சட்டையின் அடிவிளிம்பும் கூடவே ஏறும். இப்போது கிள்ளும் இடத்தை அக்குளின் உச்சிக்கே, தோல் மடியும் இடத்துக்கே கொண்டுபோங்கள். மறுபடி தூக்குங்கள். சட்டை அனேகமாக அசையாது. கை சுழல்வது தோள்மூட்டில். துணியும் அந்த மூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் பிரிகிறதோ அவ்வளவு சுதந்திரம். நீங்கள் முக்கால் அங்குலம் இறக்கியபோது, கையை விலாவோடு முக்கால் அங்குலம் கூடுதலாகத் தைத்துவிட்டீர்கள்.

அந்தக் காலத்து உடைகளில் கைக்குழி அக்குளை ஒட்டி, சிறியதாக, உயரமாக இருக்கும். பார்த்தால் இதில் எப்படி மூச்சுவிடுவார்கள் என்று தோன்றும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும், தலைக்கு மேலே கைதட்டலாம்.

இரண்டாவது, முதுகு. உங்கள் பேட்டர்ன் இந்தக் காலத்து ரவிக்கை மாதிரியில் இருந்து வந்ததா என்று பாருங்கள். 1810 கவுனில் முதுகுத் துண்டு ரொம்பக் குறுகலானது. தோள்பட்டைத் தையல் தோளின் மேல் இருக்காது, பின்பக்கம் சரிந்து இறங்கியிருக்கும். கை இணையும் கோடு முதுகுக்குள்ளே நன்றாக வந்துவிடும். அந்த இடத்தில்தான் கையின் சுருக்கு எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும், தோளின் உச்சியில் இல்லை. கையை முன்னால் நீட்டும்போது முதுகில் துணி தேவைப்படுகிறது. அதைக் கொடுப்பது கையின் பின்பக்கச் சுருக்குதான். நீங்கள் சுருக்கை உச்சியில் பஃப் கை மாதிரி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தையல் முதுகுப் பக்கம் விட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது. கைகளை முழுவதுமாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். வெட்டிய முக்கால் அங்குலத்தை ஈடுகட்ட அக்குளில் ஒரு பிறை வடிவத் துண்டு வைத்துத் தையுங்கள். முடிந்தால் ஒரு அங்குலமாகவே வையுங்கள். ஒட்டுப் போடுகிறோமே என்று வருத்தப்படாதீர்கள். அந்தக் காலத்தில் துணிதான் விலை உயர்ந்தது, தையல்கூலி மலிவு. அதனால் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் கவுன்களிலேயே அக்குளில், பாவாடை ஓரத்தில், கையின் உள்பக்கத்தில் ஒட்டுத் துண்டுகள் சாதாரணமாக இருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்து தன்னிடமுள்ள காப்புரிமை முடிந்த பொருட்களின் படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்து வைத்திருக்கிறது. 1805 முதல் 1815 வரை உள்ள கவுன்களை எடுத்து, முதுகுப் பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கை எங்கே ஏறியிருக்கிறது என்பதை மட்டும் ஒரு மணிநேரம் பார்த்தால், நான் எழுதியதை விட அதிகமாகப் புரியும்.

கைக்குழி உயர்ந்தால் பழைய கை பொருந்தாது. புதிதாகவே வெட்டிக்கொள்ளுங்கள். குட்டைக் கைதானே, அரை மீட்டருக்கு மேல் ஆகாது. கையின் தலைப்பகுதியை உயரமாகவும் குறுகலாகவும் வெட்டாமல், தாழ்வாகவும் அகலமாகவும் வெட்டுங்கள்.

அதற்குத் துணி எங்கே என்று கேட்பீர்கள். வாலை வெட்டுங்கள். நடனத்துக்கு அது வேண்டாம். தரையில் புரளும் வால் 1800ஐ ஒட்டிய வருடங்களில் மாலை உடைகளில் இருந்தது. 1810க்கு வரும்போது நடன உடையில் வால் போய், விளிம்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது. அந்த ஒன்றரை அடியில் உங்களுக்கு இரண்டு கையும் இரண்டு பிறைத் துண்டும் கிடைத்துவிடும்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று. உள்ளே பிரா போட்டுக்கொண்டு எந்த அளவும் எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக அந்தக் காலத்தில் மார்பைத் தாங்கப் போட்ட உள்ளாடையான ஸ்டேஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

இரட்டைமடிப்பு எழுதியது:

மெழுகுநூல் அக்கா கைக்குழி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நான் மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

எலியாஸ் ஹோ தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846இல். ஐசக் சிங்கர் 1851இல். ஆக 1810 கவுனில் மிஷின் தையல் இருந்திருக்க முடியாது, அது உண்மை. ஆனால் அதை வைத்து ஆறு வாரம் இரவில் கண்விழித்துத் தைத்த ஒருவரிடம் வேஷம் என்று சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன், வெளியே வந்துவிட்டேன். அருங்காட்சியகத்துக்காகப் பிரதி செய்கிறவர் ஒவ்வொரு இழையையும் பார்க்க வேண்டும். ஒரு மாலை நேரம் நண்பர்களோடு ஆடிவிட்டு வரப் போகிறவருக்கு அந்த அளவுகோல் எதற்கு?

உங்களிடம் மூன்று வாரம் இருக்கிறது. பாவாடையின் பக்கத் தையல்கள் மிஷினிலேயே இருக்கட்டும், பிரிக்க வேண்டாம். மஸ்லினில் மிஷின் தையலைப் பிரித்தால் ஊசித் துளை வரிசையாகத் தெரியும், சில இடத்தில் இழையே அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் இடங்களை மட்டும் கையால் செய்யுங்கள். கழுத்து ஓரம், கையின் விளிம்பு, பாவாடையின் அடிவிளிம்பு. மஸ்லினில் அடிவிளிம்பு மிஷினில் அடித்தால் விறைத்து நிற்கும். கையால் தைத்தால் துணி தன் போக்கில் விழும். அந்த ஒன்றுக்காகவே அது மதிப்பு.

நான் எட்டு வருடமாக ஆண்களுக்கான வெஸ்ட்கோட்டும் கோட்டும் தைக்கிறேன். உள்ளே மிஷின், வெளியே கை. என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் திரும்ப வந்து இன்னொன்று கேட்டிருக்கிறார்கள்.

மெழுகுநூல் எழுதியது:

இரட்டைமடிப்பு சொல்வதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கை இணைப்பைக் கையால்தான் தைக்க வேண்டும். வரலாற்றுக்காகச் சொல்லவில்லை. சின்னக் கைக்குழியில் சுருக்கை எங்கே எவ்வளவு தள்ளுவது என்பதை விரல்தான் தீர்மானிக்க முடியும். மிஷின் பாதத்துக்குக் கீழே போனால் சுருக்கு அது விரும்பிய பக்கம் ஓடிவிடும். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பின் தையல் போட்டு, நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தைத்தால் ஒரு கைக்கு நாற்பது நிமிடம். சரியில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம், துணிக்குச் சேதம் இல்லை.

இப்போது ஸ்டேஸ். 1810 காலத்து உடையில் வெளியே தெரியும் கவுன் கடைசி வேலை. தோலில் படுவது ஷிஃப்ட். முழங்கால் வரை வரும் தளர்வான லினன் அல்லது பருத்தி உள்ளாடை, செவ்வகமும் முக்கோணமுமாக வெட்டி, அக்குளில் ஒரு நான்கு அங்குலச் சதுரத் துண்டு மூலைவாட்டில் வைத்துத் தைத்தது. அதன் மேல் ஸ்டேஸ். அதன் மேல் தோள்பட்டி வைத்த உள்பாவாடை. இடுப்பு மார்புக்குக் கீழே வந்துவிட்டதால் நாடா மட்டும் கட்டினால் நிற்காமல் நழுவும், தோளில் தொங்கவிட்டுத்தான் ஆக வேண்டும். மஸ்லின் கண்ணாடி மாதிரி என்பதால் உள்பாவாடை இல்லாமல் வெளியே போகவும் முடியாது. இத்தனைக்கும் பிறகுதான் கவுன்.

ஸ்டேஸ் என்றால் இடுப்பை நெரிப்பது என்று நினைக்காதீர்கள். 1810இல் இடுப்பைச் சின்னதாக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை, இடுப்புதான் வெளியே தெரியாதே. இதன் வேலை மார்பை மேலே தூக்கி, இரண்டாகப் பிரித்து நிறுத்துவது. பிரா போட்டால் மார்பு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருக்கும். உங்கள் இடுப்புக்கோடு நிற்பதற்கு அதற்குக் கீழே இடமே இல்லை. மேலே போன பிறகு திரும்பி வர மறுப்பது அதனால்தான். ஸ்டேஸ் போட்டால் மார்புக்குக் கீழே ஒரு தட்டையான பட்டை கிடைக்கும், கவுன் அங்கே அமர்ந்துகொள்ளும்.

நேரம் குறைவு என்பதால் குட்டை ஸ்டேஸ் போதும். உறுதியான பருத்தி ட்ரில் துணி இரண்டு அடுக்கு. விறைப்புக்காக உள்ளே வைக்கும் எலும்புப் பட்டைக்குப் பதிலாக அடுக்குகளுக்கு நடுவே பருத்திக் கயிறு செருகி இருபக்கமும் ஓட்டுத் தையல் போடுங்கள். அந்தக் காலத்திலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள். மார்புக்கு முக்கோணத் துண்டுகள், பக்கத்துக்கு இரண்டு. முன்பக்க நடுவில் ஒரு உறை தைத்து மரப் பட்டை ஒன்று செருக வேண்டும். பஸ்க் என்பார்கள். மர ஸ்கேல் ஒன்றை அளவுக்கு அறுத்து, முனைகளை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்துவிட்டால் அதுவே பஸ்க்.

பின்பக்கம் கயிறு கோர்க்கும் துளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு இந்தக் கலையிலேயே பிடித்த வேலை அதுதான். உலோக வளையம் அடிக்காதீர்கள், அது 1820களின் இறுதியில் வந்தது. குத்தூசி ஒன்று எடுங்கள். துளை போடும் கருவி வேண்டாம், இழை வெட்டப்படக் கூடாது. குத்தூசியை மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விட்டால் நெசவு விலகி வழிவிடும். பென்சில் போகும் அளவுக்கு வந்ததும் மெழுகு போட்ட நூலை இரட்டையாக எடுத்து, துளைக்குள்ளே போய் வெளியே வந்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டுங்கள். நான்கு சுற்றுக்கு ஒருமுறை குத்தூசியை மறுபடி விட்டு ஒரு திருகு. விட்டுவிட்டால் துளை சுருங்கி மூடிக்கொள்ளும். முழுச் சுற்று முடிந்ததும் நகத்தால் ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். தொட்டால் சின்ன விதை மாதிரி கெட்டியாக இருக்கும். என் முதல் துளைக்குப் பதினைந்து நிமிடம் ஆனது, இருபதாவதுக்கு ஐந்து. இழைகள் அறுபடாததால் எத்தனை இறுக்கிக் கட்டினாலும் கிழியாது. பத்து வருடம் முன்னால் நான் செய்த துளை இன்னும் வட்டமாகவே இருக்கிறது.

கயிறு ஷூ மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகாது. ஒரே கயிறு, சுருளாக மேலேறும். அதற்கு இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேராக இருக்கக் கூடாது, ஒரு பக்கத்தை அரை இடைவெளி இறக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நேராகக் குறித்துவிட்டால் கட்டி முடித்ததும் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாகக் கோணிக்கொள்ளும்.

ஸ்டேஸ் முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு புதிதாக அளவு எடுங்கள். மார்புச் சுற்றளவே மாறியிருக்கும். அப்புறம்தான் பிறைத் துண்டு.

தீக்குச்சி எழுதியது:

எல்லோரும் தையலைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். அந்த மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களா? நான் நடன மாலைகள் ஏற்பாடு செய்யும் குழுவில் வேலை செய்கிறேன், வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி ஃபேனி 1861இல் இறந்தது உடையில் தீப்பற்றித்தான். வீட்டுக்குள்ளே, பகலில், உறை ஒட்டும் மெழுகு வேலை செய்துகொண்டிருந்தபோது. அணைக்கப் போன லாங்ஃபெலோவுக்கும் முகத்திலும் கையிலும் தீக்காயம். மெல்லிய பருத்தி எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதை நாம் மறந்துவிட்டோம், தினமும் அப்படி உடுத்துவதில்லை என்பதால்.

வாங்கிய மஸ்லின் முழுப் பருத்திதானா என்றும் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து, சாம்பல் விரலில் தூளானால் பருத்தி. சுருண்டு உருகிக் கெட்டியான மணி ஆனால் பாலியஸ்டர். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி தழலாகப் பிடிக்கும். இரண்டுக்கும் திறந்த சுடர் ஆகாது. பேட்டரி விளக்கு வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேளுங்கள். நாங்கள் கண்டிப்பாக அதைத்தான் வைக்கிறோம், மண்டபத்தின் அழகு கொஞ்சமும் குறையவில்லை.

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

மெழுகுநூல் அக்கா சொன்ன கிள்ளும் சோதனையை அன்றைக்கே செய்தேன். அக்குள் உச்சியில் பிடித்துக் கையைத் தூக்கியபோது சட்டை அசையவே இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். ஆறு வாரம் என் உடம்பைப் பற்றித்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், என் தோள் அகலம், கை பருமன் என்று. துணிதான் தப்பான இடத்தில் பிரிந்திருக்கிறது.

முதலில் ஸ்டேஸ். எட்டு நாள் ஆனது. இருபத்திரண்டு துளைகள். முதல் மூன்றும் கோணல், நான்காவதிலிருந்து கை பிடிபட்டது. பத்தாவது துளைக்கு அப்புறம் அக்கா சொன்ன அந்த 'விதை' என் நகத்துக்கும் வந்தது. கட்டிக்கொண்டு முதல்முறை கண்ணாடி பார்த்தபோது, என் பழைய அளவுகளை எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். மார்பின் கீழ்க்கோடு இரண்டேகால் அங்குலம் மேலே வந்திருக்கிறது. இந்த அளவில் கவுன் எப்படி நிற்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

வாலை வெட்டும்போது கத்தரிக்கோல் கொஞ்சம் தயங்கியது, உண்மை. ஆசை ஆசையாக வைத்தது. ஆனால் அந்தத் துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் புதிய கை பேட்டர்னை வைத்தபோது மிச்சம் நான்கு விரல் அகலம்தான். கையும் பிறையும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. பிறைத் துண்டை ஒரு அங்குலமாகவே வைத்தேன். வெளியே ஒட்டு தெரிகிறது, மறைக்கவில்லை. மெட்ரோபாலிட்டன் படம் ஒன்றில் அதே இடத்தில் ஒட்டுப் போட்ட ஒரு கவுனைக் கண்டுபிடித்தேன். அதைப் பெரிதாக்கி, யார் தைத்திருப்பாள், அவளுக்கும் துணி பற்றாமல் போயிருக்குமோ என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை இணைப்பு கையால். பாவாடைப் பக்கத் தையல் மிஷினிலேயே இருக்கிறது, இரட்டைமடிப்பு, தொடவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த 'வேஷம்' என்ற சொல் என்னை விட்டுப் போனது.

நேற்று முழுவதுமாகப் போட்டுப் பார்த்தேன். ஷிஃப்ட், ஸ்டேஸ், உள்பாவாடை, கவுன். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டில் இருந்தவரைக் கைபிடிக்கச் சொல்லி, கைகளை உயர்த்தி வளைவு கட்டி, கீழே குனிந்து போய், திரும்பி வந்து, மறுபடி உயர்த்தி, அப்படிப் பதினைந்து முறை. இடுப்புக்கோடு அரை விரல் ஏறியது, கை இறங்கியதும் தானாகவே கீழே வந்து உட்கார்ந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. அழுகையே வந்துவிட்டது.

மெழுகுவர்த்தி பற்றிக் கேட்டேன், தீக்குச்சி. பேட்டரி விளக்குக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார்கள். என் இழை காகித வாசனைதான் அடித்தது.

இரண்டு கேள்வி மிச்சம். சாவியும் போனும் எங்கே வைப்பது? பாவாடைக்குள் பை தைக்கலாமா? அப்புறம், ஆடி முடித்து வியர்த்துப் போய் வந்த பிறகு இதையெல்லாம் எப்படித் துவைப்பது?

இரட்டைமடிப்பு எழுதியது:

பாவாடைக்குள் பை வேண்டாம். 1810க்கு முந்தைய நூற்றாண்டில் அகலப் பாவாடைக்குக் கீழே இடுப்பில் நாடா கட்டிப் பை தொங்கவிட்டார்கள், அங்கே அது தெரியாது. உங்கள் கவுன் உடம்பை ஒட்டி விழுவது, போன் வைத்தால் தொடையில் செங்கல் மாதிரி ஆடும். கையில் தொங்கும் சுருக்குப் பை அந்தக் காலத்தில் பரவியது இதனால்தான். ரெட்டிக்யூல் என்பார்கள். மிச்சமிருக்கும் நான்கு விரல் துணியைப் பட்டுத் துண்டோடு சேர்த்து ஒரு மாலையில் தைத்துவிடலாம். ஆடும்போது அதை நாற்காலியில் விட்டுவிட்டுப் போவார்கள், நீங்களும் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெழுகுநூல் எழுதியது:

துவைப்பது பெரிய வேலை இல்லை. வியர்வை எல்லாவற்றையும் ஷிஃப்ட் குடித்துவிடும், அது இருப்பதே அதற்குத்தான். அன்றிரவே ஷிஃப்ட்டைக் கழற்றி சாதாரணத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுத் தூங்குங்கள், காலையில் சோப்பு போட்டு அலசினால் போதும். ஸ்டேஸைத் தண்ணீரில் போடாதீர்கள். பஸ்க்கை உருவி எடுத்துவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி காற்றில் விரித்து வையுங்கள்.

கவுனை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டாம். அக்குளை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அடிவிளிம்பில் ஒட்டிய தரை அழுக்கைத் தனியாக ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கசக்குங்கள். நனைந்த மஸ்லினைப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி அமுக்குங்கள். தொங்கவிட்டும் காய வைக்காதீர்கள், ஈரத்தின் கனத்தில் முதுகுச் சுருக்கு இறங்கிவிடும். படுக்க வைத்தே காயட்டும். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள், பிறைத் துண்டின் தையலை முதலில்.